பதினொரு தடவை ஏலம் போன காயின்

ஜெயகுமாரி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கேட்ட நேரத்தில் அவள் போனுக்கு ஓடிபி வந்துவிட்டது.

சிரிக்கிற விஷயம் இல்லை. ஏற்காட்டில் தலைச்சோலை ரோட்டில் இருக்கிற அவர்கள் கிறிஸ்தவ சபைக்கு எல்லாம் உண்டு. ஆலய மணி உண்டு, பேங்க் கணக்கு உண்டு, பான் கார்டுகூட உண்டு. ஆனால் அந்தப் பான் கார்டோடு சேர்த்துக் கொடுத்த போன் நம்பர், மூன்று ஆயர்களுக்கு முந்தி இருந்த ஆயருடையது. அவர் மாற்றலாகி நாகர்கோவில் பக்கம் போய், அங்கேயே ரிட்டையரும் ஆகிவிட்டார். சபைக்கு வருகிற ஓடிபி எல்லாம் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி அவர் சட்டைப் பையில் போய் விழும். நம்பரை மாற்ற வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. தீர்மானம் போட்டாகிவிட்டது, அதற்கு மேல் ஒரு கமிட்டி என்னதான் செய்யும், பாவம்.

ஜெயகுமாரி அந்தச் சபையின் பொருளாளர். பிழைப்புக்கு ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். புருஷன் தவறி ஒன்பது வருஷம். ஒரே மகள் அபிஷா நர்சிங் முடித்துவிட்டு, ஜெர்மனி போவதற்காகச் சேலத்தில் ஜெர்மன் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். அவள் பரீட்சைக்கும் பேப்பர் வேலைக்கும் விமானத்துக்கும் என்று ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயை ஜெயகுமாரி பேங்கில் டெபாசிட் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பணம் சேர்ந்த கதையைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது, விடுங்கள்.

விவகாரம் தொடங்கியது இரண்டாயிரத்து இருபத்திரண்டு நவம்பரில், அறுப்பின் பண்டிகை அன்றைக்கு. அவரவர் தோட்டத்தில் முதலில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். காப்பிப் பழம், ஆரஞ்சு, சௌசௌ, வாழைத்தார், பூசணி, கால் கட்டின சேவல். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். இதில் வெளியூர்க்காரனுக்குப் புரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. ஏலம் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். பணத்தைக் கட்டுவார், பொருளைக் கையில் வாங்குவார், தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார், 'ஆலயத்துக்கே' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். உடனே மறுபடி ஏலம். ஒரு பூசணிக்காய் ஆறு தடவை விலைபோய், ஏழாவது ஆள்தான் மானம் போனாலும் பரவாயில்லை, சாம்பார் வைக்கணும் என்று எடுத்துக்கொண்டு கிளம்புவார். அவரைக் கொஞ்சம் இளப்பமாகத்தான் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் சபைப் பையன் பென்னி துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். பெரிய கட்டடங்களுக்கு ஏசி மாட்டுகிற கம்பெனியில் சூப்பர்வைசர். எல்லோரும் தார் தாராக, கூடை கூடையாகக் கொண்டுவந்து வைக்கையில், அவன் போனைத் தூக்கிக் காட்டினான்.

"எனக்கு விளைஞ்சது இதுதானுங்க. பிட்காயின். முழுசு இல்லீங்க, ஒரு துண்டு. இன்னைக்கு நாப்பதாயிரம் பெறும்."

அந்த மாசம் பிட்காயின் படு பாதாளத்தில் விழுந்து கிடந்தது. அதனால்தான் பென்னிக்குக் கொடுக்க மனசு வந்தது என்று பின்னால் பேசினவர்கள் உண்டு. அன்றைக்கு யாருக்கும் அது தெரியாது. இது செல்லுபடியாகிற காசுதானா என்று ஒரு பெரியவர் சந்தேகப்பட்டபோது, பென்னி மைக்கைப் பிடித்துக்கொண்டான். எல் சால்வடார் என்று ஒரு நாடு இருக்கிறது, அந்த நாடே இதைத் தன் சொந்தப் பணமாகச் சட்டம் போட்டு ஏற்றுக்கொண்டுவிட்டது, அங்கே டீக்குக்கூட இதைக் கொடுக்கலாம் என்றான். "அந்த நாட்டுப் பேருக்கே இரட்சகர்னுதாங்க அர்த்தம்" என்றும் சேர்த்துக்கொண்டான். அவ்வளவுதான், சபை அடங்கிவிட்டது. இரட்சகர் பேரில் ஒரு நாடு ஏற்றுக்கொண்டதை ஏற்காடு மறுக்க முடியுமா?

காயினை வைக்க ஒரு கணக்கு வேண்டும். ஆப்பில் சபையின் பான் நம்பரைப் போட்டார்கள். ஓடிபி நாகர்கோவிலுக்குப் போனது. பழைய ஆயர் போனை எடுக்கவில்லை, அவர் அங்கே பிரசங்கத்தில் இருந்தார்.

"ஏனுங்க ஆன்ட்டி, உங்க நம்பருக்கு ஓடிபி வருதுங்களா?" என்றான் பென்னி.

வந்தது. சனியன், அன்றைக்குப் பார்த்து முதல் தடவையே வந்தது. ஜெயகுமாரியின் பான், ஜெயகுமாரியின் ஆதார், ஜெயகுமாரியின் மூஞ்சி, எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷத்தில் ஒரு கணக்கு உருவாகி, காயின் அதற்குள் வந்து உட்கார்ந்தது.

ஏலம் விடுகிறவர் பொன்னுவேல். ரிட்டையரான எஸ்டேட் ரைட்டர், கமிட்டியிலும் இருக்கிறார். முறை தப்பினால் அவருக்கு ஆகாது. நாற்பத்தையாயிரத்துக்கு முதல் ஆள் எடுத்ததும், பென்னி அடுத்த ரவுண்டுக்குப் போகலாம் என்றான். பொன்னுவேல் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"கையில வாங்காம ஏலம் செல்லாதுங்க. அவர் கைக்குப் போகோணும். தூக்கிக் காட்டோணும். அப்பறந்தான் ஆலயத்துக்கே."

சரி, ஏலம் எடுத்தவர் போனிலும் ஆப்பை ஏற்று. பென்னிக்கு என்ன கசக்கவா செய்யும்? அவன் மூலமாகச் சேருகிற ஒவ்வொரு புது ஆளுக்கும் அவனுக்கு நூற்றைம்பது ரூபாய் கமிஷன். காயினை ஜெயகுமாரி போனிலிருந்து அந்த ஆள் போனுக்கு அனுப்பும்போது ஆப் ஒரு கேள்வி கேட்டது: இது அன்பளிப்பா, விற்பனையா? விற்பனை என்றால் விலை என்ன?

"அன்பளிப்புன்னு போட்டுட்டுப் போயிடலாங்க, தொல்லை இல்ல" என்றான் பென்னி.

பிரிஸ்கில்லா டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மிஷன் ஸ்கூலில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இப்போது கமிட்டி மெம்பர். "ஆலய வாசல்ல நின்னுக்கிட்டுப் பொய்யா கண்ணு? வித்தது வித்ததுதானே. விலையைப் போடு."

உண்மையான கிறிஸ்தவர்கள். விற்பனை என்றே போட்டார்கள், விலையைக் காசு சுத்தமாக எழுதினார்கள். வாங்கினவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார், ஆலயத்துக்கே என்றார், காயின் ஜெயகுமாரி போனுக்கே திரும்பி வந்தது. மறுபடி ஏலம். இப்படிப் பதினொரு தடவை. அந்த ஒரு துண்டுக் காயினில் சபைக்குக் கிடைத்தது நாலு லட்சத்து இருபதாயிரம். பதினோராவது ஆளுக்கும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக வெட்கமாக இருந்ததால் அவரும் திருப்பிக் கொடுத்துவிட்டார். காயின் ஜெயகுமாரி போனிலேயே தங்கிவிட்டது.

அந்தப் பணத்தில் ரோட்டோரம் ஒரு சிமெண்டு வளைவு கட்டினார்கள். மேலே வசனம், அதற்குக் கீழே கமிட்டி மெம்பர்கள் பேர், தங்கக் கலரில். வசனத்தைவிடப் பேர்கள்தான் பெரிசு.

இரண்டு வருஷம் கழித்து, இந்த ஜனவரியில், ஜெயகுமாரிக்கு வருமான வரி நோட்டீஸ் வந்தது. ஒரே நிதியாண்டில் பதினொரு தடவை மெய்நிகர் சொத்து விற்றிருக்கிறீர்கள், நாலு லட்சத்து இருபதாயிரம் வரவு, உங்கள் கணக்கில் ஏன் காட்டவில்லை? பதினைந்து நாளில் பதில் சொல்லவும்.

எஸ்டேட் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தவள், பேர் தன்னுடையதுதானா என்று மறுபடி பார்த்தாள். சம்பளமே மாசம் பதினெட்டாயிரம். அதற்கும் வருஷா வருஷம் ஒழுங்காக ரிட்டர்ன் போடுகிறவள். மதியம் சாப்பிடாமல் ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குப் போய், அங்கே ஜெராக்ஸ் கடை மாடியில் ஊருக்கெல்லாம் வரிக்கணக்கு எழுதித் தருகிற பெருமாளிடம் காட்டினாள்.

பெருமாள் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். பண்டிகை ஏலத்துக்கு வருஷா வருஷம் மரியாதைக்கு வந்து போகிறவர். அந்தக் காயினை ஆறாவது ரவுண்டில் எடுத்ததே அவர்தான்.

"நானும் ஏதோ பூசணிக்காய் மாதிரின்னுல்லங்க நெனச்சேன்" என்றார்.

"இது நம்ம நாட்டுல செல்லுங்களா, செல்லாதுங்களா? அதையாவது சொல்லுங்க."

"செல்லும்னு சர்க்கார் சொல்லலீங்க. செல்லாதுன்னும் சொல்லல. ஒரு காலத்துல பேங்குக எல்லாம் இதத் தொடக்கூடாதுன்னாங்க, அது கோர்ட்டுல நிக்கல. இப்பத்திக்கு வரி மட்டும் போட்டிருக்காங்க. லாபத்துல முப்பது பர்சென்ட், அதுக்கு மேல செஸ். லாபம் வந்தா சர்க்காருக்குப் பங்கு உண்டு. நஷ்டம் வந்தா உங்க தலையெழுத்து, அதை வேற லாபத்துல கழிக்க முடியாது. விக்கும்போதே ஒரு பர்சென்ட் பிடிச்சுக்குவாங்க, யார் வித்தாங்கன்னு தெரியோணும்ல. பிள்ளைக்குப் பேர் வெக்க மாட்டாங்க, ஆனா மொய் மட்டும் வாங்கிக்குவாங்க. அப்படித்தானுங்க."

"எனக்கு எவ்வளவுங்க வரும்?"

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். வரி ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து நாற்பது. இத்தனை நாள் வட்டி சேர்த்து இன்னொரு நாற்பதாயிரம். மொத்தம் ஒரு லட்சத்து எழுபத்தோராயிரத்துச் சொச்சம்.

அபிஷாவின் டெபாசிட் ஒன்று எண்பது. ஜெயகுமாரிக்குக் கழித்துப் பார்க்கக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

"ஒரே ஒரு வழி இருக்குதுங்க" என்றார் பெருமாள். "சபை லெட்டர்பேடுல ரெண்டு வரி. 'இது சபையோட ஏலம், பணம் சபைக்கு வந்தது, இந்தம்மா சபைக்காகத்தான் கணக்கு வெச்சிருந்தாங்க'ன்னு செயலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, நான் பதில் எழுதிக்கறேன். உங்க தலையில இருந்து எறங்கிடும்."

ரெண்டு வரி. ஒரு கையெழுத்து. பதினாலு வருஷம் பொருளாளராக இருந்து, ஒரு பைசா முன்னே பின்னே போகாமல் பார்த்தவளுக்கு இதைக்கூடவா செய்ய மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மனுஷ ஜென்மத்துக்கு நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லணும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தை ஒட்டின சின்ன அறையில் கமிட்டி கூடியது. ஆயருக்கு மூன்று சபைகள்; அன்றைக்கு அவர் வேறு சபையில். அதனால் செயலாளர் ஜோஸ்வா தலைமை. பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ரிட்டையரானவர். ஊரில் அவருக்கு இரண்டு விஷயத்தில் பேர் உண்டு. ஒன்று, எந்தக் காகிதத்திலும் லேசில் கையெழுத்துப் போட மாட்டார். இன்னொன்று, ஜெபத்தை லேசில் முடிக்க மாட்டார்.

ஜெயகுமாரி நோட்டீஸை மேஜை மேல் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். பெருமாள் எழுதிக் கொடுத்த இரண்டு வரியையும் பக்கத்திலேயே வைத்தாள்.

ஜோஸ்வா இரண்டு வரியையும் இருபது வரி மாதிரிப் படித்தார். "நம்ம அவசரப்படக் கூடாதுங்க. மத்த நாட்டுல எல்லாம் இதை எப்படிக் கையாளறாங்கன்னு ஒரு பார்வை பார்த்துடலாம். எங்க மாப்பிள்ளை லண்டன்லதான இருக்காரு, கேட்டு வெச்சிருக்கேன்."

கேட்டு வைத்திருக்கிறாராம். அவர் மட்டும் இல்லை, எல்லோரும் கேட்டு வைத்திருந்தார்கள். மலையில் எந்த ஊட்டில்தான் வெளிநாட்டில் ஒரு ஆள் இல்லை? நோட்டீஸ் வந்த சேதி வெள்ளிக்கிழமையே பரவிவிட்டது. சனிக்கிழமை பூராவும் ஏற்காட்டிலிருந்து உலகத்துக்கே வாட்ஸ்அப் பறந்திருக்கிறது. ஜெயகுமாரிக்கு ஒரு போன் போட்டு 'என்னம்மா ஆச்சு' என்று கேட்க மட்டும் ஒருத்தருக்கும் டவர் கிடைக்கவில்லை.

ஜோஸ்வா லண்டனை அவிழ்த்துவிட்டார். அங்கே முதல் தடவையாகக் காயின் வாங்க வருகிறவனுக்கு இருபத்துநாலு மணி நேரம் யோசிக்க அவகாசம் கொடுத்தே ஆக வேண்டுமாம். போட்ட பணம் பூராவும் போய்விடலாம் என்று முன்கூட்டியே எச்சரிக்க வேண்டுமாம். "பாருங்க, எவ்வளவு பொறுப்பு. அதனால நம்மளும் யோசிக்க அவகாசம் எடுத்துக்கலாம்னு நெனைக்கறேன்."

"நோட்டீஸ் தேதிப்படி பதினஞ்சு நாள்ல பத்து நாள் போயிருச்சுங்க" என்றாள் ஜெயகுமாரி.

அது யார் காதிலும் விழவில்லை. பிரிஸ்கில்லா டீச்சரின் மகன் குவைத்தில் இருக்கிறான். "எங்கூட்டுப் பையன் சொல்றான், குவைத்துல இதை அடியோட தடை பண்ணிட்டாங்களாம். வாங்கறது, விக்கறது, கம்ப்யூட்டர் வெச்சுத் தோண்டி எடுக்கறது, எதுவும் கூடாதாம். அதனால சபை இதைத் தொடவே கூடாதுங்கறது என் அபிப்பிராயம். லெட்டர் எழுதினா தொட்ட மாதிரி ஆயிடும்."

"டீச்சர், விற்பனைன்னு போடச் சொன்னதே நீங்கதானுங்களே."

"அது உண்மை கண்ணு. இது சட்டம்."

பொன்னுவேல் தொண்டையைச் செருமினார். மச்சினன் சிங்கப்பூர். "சிங்கப்பூர்ல லைசென்ஸ் வேணுங்க. லைசென்ஸ் வாங்கினாலும் பஸ்லயும் ரயில்லயும் விளம்பரம் போடக் கூடாது."

சபை எந்தப் பஸ்ஸில் விளம்பரம் போட்டது, அதற்கும் ஜெயகுமாரி நோட்டீஸுக்கும் என்ன உறவு என்று கேட்க அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டாள். பொன்னுவேல் அதோடு விடவில்லை. சீனாவிலும் தடையாம், பேப்பரில் படித்தாராம். சீனாவில் அவருக்கு ஒருத்தரையும் தெரியாது, ஆனாலும் சொல்லி வைத்தார், ஒரு நாடு குறைவானேன்.

பிறகு பென்னி வீடியோவில் வந்தான். ஜோஸ்வாவின் போனைத் தண்ணீர் ஜாடி மேல் சாத்தி வைத்திருந்தார்கள்.

"இங்க தனி ஆளுக்கு வருமான வரியே இல்லீங்க ஆன்ட்டி. காயினுக்குன்னே தனியா ஒரு ஆணையம் வெச்சிருக்காங்க. எவ்வளவு நீட்டா இருக்கும் தெரியுங்களா? நீங்க துபாய்ல இருந்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

"நான் தலைச்சோலைல இருக்கேன் சாமி."

"அதான் ஆன்ட்டி பிரச்சினை."

"அந்த இரட்சகர் பேர் வெச்ச நாடு என்னாச்சு பென்னி? அங்க டீக்குக்கூடக் கொடுக்கலாம்னியே."

பென்னி தலையைச் சொறிந்தான். "அவங்க இப்பக் கொஞ்சம் பின் வாங்கறாங்க ஆன்ட்டி. கடன் கேட்டுப் போன எடத்துல கண்டிஷன் போட்டுட்டாங்க. இனிமே இஷ்டம் இருந்தா வாங்கலாம், இல்லாட்டி வேண்டாம்னு சட்டத்தை மாத்தறாங்களாம். ஆனா ஒரு நல்ல சேதி. நம்ம காயின் இன்னைக்கு ரெண்டு லட்சத்து அறுவதாயிரம்."

அந்தச் சேதியில் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. குவைத்தில் தடையாக இருந்தது, லண்டனில் யோசிக்க வேண்டியதாக இருந்தது, சட்டென்று மூன்று பேருக்கும் சொந்தமாகிவிட்டது. ஜோஸ்வா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். லண்டன் என்ன சொன்னாலும், குவைத் என்ன சொன்னாலும், அந்தத் தாள் சனிக்கிழமை ராத்திரியே தயார்.

"தீர்மானம் ஒன்று. மேற்படி காயின் சபையின் சொத்து. அதை விற்று வரும் பணத்தில் ஆலயத்துக்கு ஜெனரேட்டர் வாங்கப்படும். தீர்மானம் இரண்டு. மேற்படி காயின் தொடர்பான வரி, வட்டி, இதர விவகாரங்கள் கணக்கு வைத்திருப்பவரின் தனிப்பட்ட பொறுப்பு. இதில் சபைக்குச் சம்பந்தமில்லை."

ஆறு நாட்டுச் சட்டத்தை அலசி ஆராய்ந்து ஏற்காடு கண்டுபிடித்த சட்டம் அது.

ஜெயகுமாரிக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. பதினாலு வருஷத்தில் அந்த அறையில் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. பிள்ளையைப் பெட்டி கட்டி அனுப்ப வைத்திருக்கிற பணத்தை இந்த மூன்று பேரும் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது நெஞ்சில் குத்தியது.

"ஏனுங்க, கோழி ஒண்ணுதான். முட்டை உங்களுக்கு, தீவனம் எனக்குங்களா?"

"அப்படி எடுத்துக்கக் கூடாதும்மா" என்றார் ஜோஸ்வா, நொம்ப மென்மையாக. "ரசீதுல எல்லாம் காணிக்கைன்னுதான் எழுதியிருக்கு. காயின்னு எங்கயாவது இருக்கா? இப்ப நான் லெட்டர் கொடுத்தா, அவங்க சபைக் கணக்கைப் பூராத் திறந்து பார்ப்பாங்க. வளைவு கட்டினதுக்கு பில்லு எல்லாம் கேப்பாங்க. சபைக்கு ஒரு பேர் இருக்குதுல்ல."

"எனக்கு இல்லீங்களா?"

"உங்களுக்கென்ன, உங்க பேர்லதான் நோட்டீஸே வந்திருக்கே."

வீடியோவில் பென்னி ஏதோ சொல்ல வாயைத் திறந்து, நெட் கட்டாகிப் போனான். அவன் தானாகவேதான் கட் பண்ணிக்கொண்டான் என்பது ஜெயகுமாரியின் எண்ணம். பொன்னுவேல் கூரையைப் பார்த்தார். டீச்சர் வேதப் புத்தகத்தின் ஜிப்பை மூடித் திறந்து மூடினார்.

"அப்ப, கணக்கு வெச்சிருக்கிறவதான் பொறுப்பு" என்றாள் ஜெயகுமாரி. "தீர்மானம் அதானுங்களே."

"அதான்."

"மூணு பேரும் கையெழுத்துப் போட்டுருங்க."

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. எங்கே மனசு மாறிவிடுவாளோ என்று பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போட்டார்கள். லேசில் கையெழுத்துப் போடாத ஜோஸ்வா, தேதியோடு போட்டார். அவள் அந்தத் தாளைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"சரிங்க, ஜெபத்தோட முடிச்சுக்கலாம்" என்றார் ஜோஸ்வா. எல்லோரும் எழுந்து கண்ணை மூடினார்கள்.

அவரும் தொடங்கினார். பரலோகத்திலிருந்து தொடங்கி, பூமியின் சகல ஜாதிகளுக்கும் வந்தார். அன்றைக்குப் பேசின நாடுகள் எல்லாம் மனசில் இருந்ததால் ஒவ்வொரு தேசத்து அதிபதிகளுக்கும் ஞானம் தரும்படி தனித்தனியாகக் கேட்டார். பிறந்ததிலிருந்து ஜெபத்தில் கண்ணைத் திறக்காத ஜெயகுமாரி, அன்றைக்குத் திறந்தாள். ஜன்னல் பக்கம் அரை அடி நகர்ந்தாள். அந்த அறையில் அங்கேதான் ரெண்டு கட்டை சிக்னல் நிற்கும். ஆப்பைத் திறந்தாள். விற்க என்பதை அமுக்கினாள். இது சரிதானா என்று ஒரு கணம் யோசித்தாள். அபிஷா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வாய்க்குள் நுழையாத ஜெர்மன் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண் முன்னால் வந்தது. ஜெர்மனியில் ஒரு வருஷம் கையில் வைத்திருந்து விற்றால் இதற்கு வரியே கிடையாது அம்மா என்று அவள் போன வாரம் சொல்லிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

ஜோஸ்வா குவைத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வரும்போது ஓடிபி வந்தது.

அவர் லண்டனுக்குப் போய் இங்கிலாந்தின் அரச குடும்பத்தை நினைத்தருளும்படி வேண்டிக்கொண்டிருந்தபோது, காயின் விலைபோய், ஒரு பர்சென்ட் பிடித்தம் போக மீதிப் பணம் பேங்கில் ஏறிவிட்டது. எங்களுக்கும் வழி காட்டும், எங்கள் பாரங்களை இறக்கி வையும் என்று உருக்கமாக முடித்து அவர் ஆமென் சொன்னதும், ஜெயகுமாரியின் போன் டிங் என்றது.

"என்னங்க அது?" என்றார் பொன்னுவேல்.

"காயினை வித்துட்டனுங்க."

யாரும் உட்காரவில்லை. ஜோஸ்வாவின் முகத்தில் ஜெப உருக்கம் இன்னும் பாதி மிச்சம் இருந்தது, அதன் மேலேயே கோபமும் வந்து ஏறியது.

"யாரைக் கேட்டு வித்தீங்க? அது சபைச் சொத்து, தீர்மானம் ஒன்று!"

"தீர்மானம் ரெண்டு, அதோட விவகாரம் பூரா என் பொறுப்பு. பொறுப்பைத்தாங்க பார்த்திருக்கேன்." அவள் குரல் ஏறவில்லை. நோட்டீஸின் பின்பக்கத்தில் பென்சிலில் போட்ட கணக்கை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். "ரெண்டு லட்சத்து அறுவதாயிரம். இன்னைக்கு வித்ததுக்கு வரி எண்பத்தோராயிரத்து நூத்தி இருவது. பழைய வரியும் வட்டியும் ஒரு லட்சத்து எழுவத்தோராயிரத்து நாப்பது. நாளைக்குக் காலைல பெருமாள் கடைக்குப் போய்க் கட்டிடுவேன். போக, ஏழாயிரத்து எண்ணூத்தி நாப்பது நிக்குது. அது சபைக்குத்தான். எனக்கு ஒரு பைசா வேண்டாங்க."

"ஏழாயிரமா?" என்றார் டீச்சர். கணக்கு வாத்தியார் இல்லையா, தாளை இழுத்து ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"எங்க பிள்ளை மார்ச் மாசம் போறா டீச்சர். அவ காசை நான் தொடல. அவ்வளவுதாங்க எனக்கு வேணும். நீங்க ஒரு லெட்டர் கொடுத்திருந்தா ஜெனரேட்டருக்கும் வழி இருந்திருக்கும்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பதினாலு வருஷமாக வைத்திருந்த காணிக்கைப் பெட்டிச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

பொன்னுவேல் மினிட்ஸ் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவோடு முழித்தார். அவருக்கு எதுவும் முறைப்படி இருக்க வேண்டும். "இதை எப்படிங்க எழுதறது?"

கதவு வரைக்கும் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"'கூட்டம் ஜெபத்துடன் இனிதே முடிந்தது'ன்னு எழுதுங்க. பொய் இல்லீங்களே."